பவர் வீடர்: எதை நீங்களே பார்க்கலாம், எதற்கு மெக்கானிக் வேண்டும்?

வாழைக்கும் மரவள்ளிக்கும் நடுவே களையெடுக்கவும் காய்கறித் தோட்டத்தில் மண்ணைக் கிளறவும் இன்று பல ஊர்களில் பவர் வீடர்தான் ஓடுகிறது. ஆனால், வாங்கிய மறுவருஷமே "எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்று கொட்டகை மூலையில் தள்ளப்பட்ட வண்டிகளும் உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பெரிய பழுது எதுவும் இருக்காது. புழுதி, பழைய ஆயில், தேங்கிய பெட்ரோல் ஆகிய மூன்றும் சேர்ந்து வண்டியை முடக்கியிருக்கும். இந்த மூன்றையும் கவனிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் வண்டி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது நான்கு ஸ்ட்ரோக் வண்டி. 5 முதல் 7 குதிரைத்திறன் வரையுள்ள பெட்ரோல் வீடர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆயிலுக்குத் தனி மூடி இல்லாமல் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றச் சொல்லியிருந்தால் அது இரண்டு ஸ்ட்ரோக். சிறிய, எடை குறைந்த வண்டிகள் அப்படி இருக்கும். அவற்றில் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 25க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 50க்கு 1 என்றிருந்தால் 20 மில்லி. இங்கே சொல்வது பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டிக்கானது. பிளேடு, பெல்ட், கியர் பாக்ஸ் பற்றிய பகுதிகள் டீசல் வண்டிக்கும் பொருந்தும்.

வண்டியில் கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். பிறகு ஸ்பார்க் பிளக்கின் (பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி தருவது) மேலே மாட்டியிருக்கும் தொப்பியை இழுத்துக் கழற்றி ஓரமாக வையுங்கள். "சுவிட்சைத்தான் அணைத்துவிட்டேனே, இது எதற்கு?" என்று தோன்றலாம். சுவிட்ச் ஒயர் அறுந்திருந்தால், பிளேடைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஒரு சுற்று உதைத்து விரலை எடுத்துவிடும். தொப்பி கழன்றிருந்தால் அந்தப் பயமே இல்லை.

வண்டியைச் சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது இதைச் செய்வது நல்லது.

எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது?

புது வண்டி என்றால் முதல் 20 மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும். புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பதியும்போது உதிரும் இரும்புத் தூள் அந்த முதல் ஆயிலில்தான் சேரும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் இருபது நாளில் 100 மணி வந்துவிடும். வாடகைக்கு ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது.

எந்த ஆயில், எவ்வளவு? கையேட்டில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள். பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு 10டபிள்யூ-30 என்ற ரகத்தைச் சொல்வார்கள். 5 முதல் 7 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய 600 மில்லிதான் கொள்ளும். ஒரு லிட்டர் டப்பாவை வாங்கி முழுவதையும் கவிழ்த்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அளவு மிஞ்சினால் வெண்ணீலப் புகை கக்கும், பிளக் கருகும், ஏர் ஃபில்டர் நனையும்.

மாற்றும் முறை எளிது. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் கசடோடு முழுதாக வெளியேறும். அடிப்பக்க போல்ட்டைக் கழற்றி ஒரு தட்டில் வடியுங்கள். போல்ட்டை மீண்டும் இறுக்கி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் புது ஆயில் ஊற்றி, அளவுக்கம்பியால் பாருங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்ற வேண்டாம். டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

உழும் வண்டி எழுப்பும் புழுதியை அதன் எஞ்சினே மூச்சாக இழுக்கிறது. அந்தப் புழுதி உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். ஏர் ஃபில்டரை (காற்றில் வரும் தூசியைத் தடுப்பது) 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்வது பொதுவான கணக்கு. காய்ந்த செம்மண்ணில் ஓட்டும் நாட்களில் தினமும் மாலையில் திறந்து பாருங்கள்.

மூன்று வகை உண்டு. ஸ்பாஞ்சு வகையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். காகித வகையைத் தண்ணீரில் போடக் கூடாது. மெல்லத் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடித்தால் போதும். அடியில் கிண்ணமும் அதில் ஆயிலும் உள்ள வகை என்றால், சேறு படிந்த ஆயிலைக் கொட்டிவிட்டுக் கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் "இன்றைக்கு ஒருநாள் மட்டும்" என்று ஓட்டவே வேண்டாம்.

பெட்ரோல் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய், மீதி பிசுபிசுப்பாகிவிடும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான்.

அதனால் ஒரு வாரத்துக்கான பெட்ரோலை மட்டும் வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டிக்கு வேலை இருக்காது என்று தெரிந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் சேரும் புகை உயிரைப் பறிக்கும்.

கயிற்றை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கண்ணால் பாருங்கள். சுவிட்ச் போட்டிருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் (காற்றைக் குறைத்து ஸ்டார்ட் ஆக உதவும் நெம்புகோல்) மூடியிருக்கிறதா? ஆயில் அளவு சரியா? சில எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்திவிடும் பாதுகாப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் ஊற்றாமல் நாள் முழுக்க இழுத்தாலும் பயனில்லை.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் நுனி நிலைமையைச் சொல்லிவிடும். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை அல்லது அதிகமாக வந்துவிட்டது. துடைத்துக் காயவைத்து, சோக்கைத் திறந்து மீண்டும் இழுங்கள். காய்ந்துபோய் இருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் மூடியபடியே ஓட்டியிருக்கலாம். வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிக்கிறது என்று அர்த்தம்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலமாகப் பளிச்சென்று வர வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, சற்று நேரம் விட்ட பிறகே இதைச் செய்யுங்கள். பிளக் கழற்றிய துளையின் பக்கத்தில் தீப்பொறி வேண்டாம். பொறி வராவிட்டால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அதன் நுனி இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் சுவிட்ச் ஒயரோ காயிலோ (பிளக்குக்கு மின்சாரம் தருவது) பழுது. எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொறி வருகிறது, பிளக் மட்டும் காய்ந்தே இருக்கிறது என்றால்?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) அடைத்திருக்கும். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடியில் தொங்கும் சிறு கிண்ணத்தைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் அதை ஒரே போல்ட் பிடித்திருக்கும். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் கசடோ உருண்டு ஓடும் நீர்த்துளியோ கிடந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. நடுவில் ஜெட் என்ற பித்தளைத் துண்டு இருக்கும். அதன் துளை ஊசிமுனை அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் வண்டி எப்போதும் கூடுதல் பெட்ரோல் குடிக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறதே?

நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்தி மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே ஓடினால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. உள்ளே காற்று போகாததால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை. துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. எஞ்சின் அதிகம் சூடாகி நின்றால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளில் சேறும் வைக்கோலும் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரிகள் வழியாகப் போகும் காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்கிறது.

எஞ்சின் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை. ஏன்?

பெல்ட் வண்டி என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும், ரப்பர் கருகிய வாசனை வரும். கிளட்ச் கேபிளில் இருக்கும் நட்டைத் திருகி இறுக்கிப் பாருங்கள். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கியரில் ஓடும் வண்டியிலும் கேபிள் தளர்வு, பிளேடு தண்டில் மாட்டிய 'பின்' உடைவு ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். கியர் பாக்ஸைப் பிரிப்பது கடைசி வேலை.

பிளேடில் என்ன கவனிக்க வேண்டும்?

வேலை முடிந்ததும் தண்டில் சுற்றியிருப்பதை அறுத்து எடுப்பது மிக முக்கியம். வாழை நார், மூடாக்குத் தாள், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு எல்லாம் தண்டோடு இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து ஆயில் சீலை (கியர் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அறுத்துவிடும். தண்டு ஓரம் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. சீல் மலிவான பாகம்தான். ஆனால் ஆயில் வடிந்த பின்னும் ஓட்டினால் உள்ளே சேறு ஏறிக் கியரும் பேரிங்கும் போய்விடும். செலவு பல மடங்காகும். மாதம் ஒருமுறையாவது கியர் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

பிளேடுகளில் இடது, வலது என்று உண்டு. கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். மாற்றி மாட்டினால் மண்ணை வெட்டாமல் வண்டி துள்ளும். தேய்ந்த போல்ட்டுக்குப் பதில் சாதாரண போல்ட் போடாதீர்கள். கடினப்படுத்திய போல்ட்டே தாங்கும்.

எப்போது மெக்கானிக்கிடம் போவது?

கயிறு தடையே இல்லாமல் லேசாக வந்தால், எஞ்சினுக்குள் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டால், வடித்த ஆயிலில் மின்னும் துகள் தெரிந்தால், கியர் விழாமல் சிக்கினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். டீசல் வண்டியின் பம்பும் இன்ஜெக்டரும் கூட அவருடைய வேலைதான். வால்வு இடைவெளியை வருஷம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் சரியான பாகம் கிடைக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், யாரையும் பிரிக்கவிடும் முன் விற்றவரிடம் கேளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வாங்கிய வண்டிக்கும் பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஓட்டும்போது ஒரு வார்த்தை. தொங்கும் வேட்டியோ லுங்கியோ வேண்டாம், காலில் ஷூ போடுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது வேகத்தைக் குறைத்து, பின்னால் மரமோ வரப்போ இல்லை என்று பார்த்த பிறகே எடுங்கள். பிளேடு உங்கள் காலை நோக்கி வருவது அப்போதுதான்.

இவ்வளவையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டை வண்டியோடு கட்டி வையுங்கள்; ஓட்டிய மணி நேரமும் ஆயில் மாற்றிய தேதியும் அதில் இருந்தால் போதும். தினமும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கித் தண்டில் சுற்றிய நாரை அறுங்கள், மண்ணைச் சுரண்டுங்கள், ஃபில்டரைத் திறந்து பாருங்கள், தளர்ந்த போல்ட்டை இறுக்குங்கள். களை மண்டும் பருவத்தில், மெக்கானிக்குக்காக ஒரு வாரம் காத்திருக்கும் நிலை பெரும்பாலும் வராது.