ராணுவ ஊசியும் கணக்கு வாத்தியாரும்

இந்த எபிசோடை திருவண்ணாமலை கிரிவலப் பாதையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி கேட்கிறது டீக்கடை சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. 14 கிலோமீட்டர் நடக்க பெருங்கூட்டம் வரப்போகுது.

காலையில அக்கா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்ட் அனுப்பியிருந்தா. "தடுப்பூசி கணக்கெல்லாம் பொய்யாம்டா. பாப்பாவுக்கு டைபாய்டு ஊசி போடலாமா, வேணாமா?" எனக்கு காலேஜ்ல டைபாய்டு வந்து மூணு வாரம் கஞ்சி குடிச்சுக் கிடந்தேன். அதனால அந்தக் கேள்வியை லேசா விட முடியல.

பதில் யோசிச்சுட்டு இருக்கும்போது டீக்கடை அண்ணன் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். "தம்பி, வீட்டுத் தண்ணி எடுத்துட்டு வர்றவங்களுக்கு வயிறு கெடுறதே இல்ல. எத்தனை வருஷமா பார்க்கிறேன்." நானும் தலையாட்டினேன். ஆனா பாட்டில் எடுத்துட்டு வர்றது யாரு? ஏற்கெனவே ஜாக்கிரதையா இருக்கிறவங்க. கை கழுவுவாங்க, ஈ மொய்க்கிற பண்டத்தைத் தொட மாட்டாங்க. அப்போ அவங்களைக் காப்பாத்தினது தண்ணியா, ஜாக்கிரதையா?

இதே கேள்வியாலதான் 1904-ல ஒரு பெரிய சண்டை வந்துச்சு.

ஆல்ம்ராத் ரைட், இங்கிலாந்துல நெட்லி ராணுவ மருத்துவப் பள்ளியில பேராசிரியரா இருந்தவர். கொல்லப்பட்ட டைபாய்டு கிருமியை வச்சு ஊசி உருவாக்கினார். 1898-ல பிளேக் கமிஷன் உறுப்பினரா இந்தியா வந்தப்போ, இங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள்ல விருப்பப்பட்ட சில ஆயிரம் பேருக்கு அதைப் போட்டார். அடுத்து வந்தது தென்னாப்பிரிக்காவில் போயர் போர். அங்கே 50,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு டைபாய்டு வந்தது, ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. ஊசி போட்டுக்கிட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். போட்டவங்களுக்கு நோய் குறைவுன்னு ரைட் எண்களைக் காட்டினார்.

அந்த எண்கள் கார்ல் பியர்சன் கைக்குப் போச்சு. லண்டன்ல புள்ளியியலுக்கே அடித்தளம் போட்டவர்கள்ல ஒருத்தர். வேற வேற படைப்பிரிவுகளோட கணக்கை ஒண்ணு சேர்த்துப் பார்த்து, 1904 நவம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். ஊசிக்கும் பாதுகாப்புக்கும் இருக்கிற தொடர்பு பலவீனமா இருக்கு, ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் எண்கள் தாறுமாறா மாறுது, இதை வச்சு முழுப் படைக்கும் பரிந்துரைக்க முடியாதுங்கறது அவர் வாதம். தானா முன்வந்து ஊசி போட்டுக்கிறவங்க, தங்களை நல்லா கவனிச்சுக்கிறவங்களாவும் இருக்கலாமே? நம்ம பாட்டில்காரங்க மாதிரி.

கவனிங்க, ரைட் பொய் சொன்னார்னு பியர்சன் சொல்லல. இந்த எண்கள் இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காதுன்னார். ரைட் அதே பத்திரிகையில காட்டமா பதில் எழுதினார். கடிதச் சண்டை மாறி மாறிப் போச்சு. நோயாளியையே பார்க்காதவர் தீர்ப்பு சொல்றதான்னு டாக்டருக்குக் கோபம். கோபத்தால கணக்கு சரியாகிடுமான்னு வாத்தியாருக்குக் கோபம்.

பியர்சன் ஒரு வழியும் சொன்னார். ஊசிக்கு முன்வர்றவங்க பட்டியலை எடுங்க, அதுல ஒருத்தர் விட்டு ஒருத்தருக்குப் போடுங்க. எல்லாருமே முன்வந்தவங்கதானே? அப்போ ஜாக்கிரதை ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும். மிச்சம் தெரியற வித்தியாசம் ஊசியோடது.

ராணுவம் அதை அப்படியே செய்யல. ஆனா வில்லியம் லீஷ்மன்ங்கற ராணுவ மருத்துவரோட மேற்பார்வையில கணக்கு எடுக்கிற முறையைத் திருத்தினாங்க. இந்தியா மாதிரி வெளிநாடுகளுக்குப் போன படைப்பிரிவுகளை, பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகளை வச்சுத் தொடர்ந்து கவனிச்சாங்க. ஊசி போட்ட 10,378 பேர்ல 56 பேருக்கு டைபாய்டு. போடாத 8,936 பேர்ல 272 பேருக்கு. ஆயிரத்துக்கு 5, எதிர்ப்பக்கம் 30. பியர்சனோட சந்தேகம் முழுசா தீரலன்னாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை ஜாக்கிரதை ஒண்ணால மட்டும் விளக்குறது கஷ்டம். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் வீரர்கள் பெரும்பாலானவங்க ஊசி போட்டுக்கிட்டாங்க.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 1992-ல அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ராபர்ட் ரெட்ஃபீல்ட், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் போட்ட ஜிபி160 ஊசி பலன் தருதுன்னு ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுல சொன்னார். எண்களை மிகைப்படுத்திட்டார்னு சக ஆய்வாளர்களே புகார் சொன்னாங்க. ராணுவ விசாரணை, முறைகேடு இல்லைன்னு 1993-ல முடிவு சொல்லுச்சு. ஆனா அந்த ஊசி பலன் தரலைங்கறது பெரிய சோதனையில தெரிஞ்சது. ஆள் நேர்மையானவரா, கணக்கு சரியாங்கறது ரெண்டு தனித்தனிக் கேள்வி. விசாரணைக் கமிட்டி முதல் கேள்விக்கு பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு ஒழுங்கான சோதனைதான் பதில் சொல்லணும்.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? ஹைதராபாத்ல தயாராகிற டைபாய்டு கான்ஜுகேட் ஊசியை நேபாளத்துல சுமார் 20,000 குழந்தைகள்கிட்ட சோதிச்சாங்க. குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு இந்த ஊசி, மீதிப் பேருக்கு மூளைக்காய்ச்சல் ஊசி. யாருக்கு எதுன்னு பெற்றோருக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. முதல் கட்ட முடிவுல 81.6 சதவீதம் பாதுகாப்பு. பியர்சன் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு போட்டுடு. தண்ணியையும் கொதிக்க வச்சுக் குடு"ன்னு அனுப்பினேன். கூடவே இன்னொண்ணும் எழுதினேன்: அடுத்த ஃபார்வேர்ட் வந்தா, பொய்யா உண்மையான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "யாரோட யாரை ஒப்பிட்டாங்க?"ன்னு கேளு.

டீ ஆறிடுச்சு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.