பேனைத் தின்னும் பேன்

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பார்கள். பேனைப் பேனால் ஒழிக்க முடியுமா? ஆப்பிள் தோட்டங்களில் முடிந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

இது தலையில் ஊரும் பேன் அல்ல. செடிகளில் வாழும் சிலந்திப்பேன். பூச்சிகளுக்கு ஆறு கால்கள் என்று படித்திருப்பீர்கள். வளர்ந்த சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால்கள். ஆகவே அது பூச்சியன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான்! இலையின் அடிப்புறத்தில் இருந்துகொண்டு, ஊசி போன்ற வாயுறுப்பால் செல்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். பச்சையம் குறைந்து இலை செம்பு நிறமாகும். இலை உணவு தயாரிக்காவிட்டால் பழம் எப்படிப் பருக்கும்?

மருந்து வளர்த்த எதிரி

முன்பெல்லாம் பெரும்பாலான ஆப்பிள் தோட்டங்களில் சிலந்திப்பேன் சிறு தொல்லையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தது. ஆப்பிளைக் குடையும் காட்லிங் அந்துப்பூச்சியை அது கொன்றது. ஆனால் சிலந்திப்பேனை அது கொல்லவில்லை; அதைத் தின்று வந்த உயிர்களையே கொன்றது. காவலாளி மாண்டான், திருடன் பிழைத்தான்!

பிறகு சிலந்திப்பேனுக்கென்றே தனி மருந்துகளை அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் மருந்தைத் தாங்கிய சில பேன்கள் தப்பின. அவற்றின் சந்ததியும் தாங்கியது. சில ஆண்டுகளில் மருந்து பயனற்றுப் போயிற்று.

ஹாய்ட் கண்ட வழி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வெனாச்சி, ஆப்பிளுக்குப் பேர்போன ஊர். 1960-களில் அங்கு ஆராய்ந்த ஸ்டான்லி ஹாய்ட் என்ற பூச்சியியல் அறிஞர் ஒரு வியப்பைக் கண்டார். அந்துப்பூச்சிக்காக அசின்பாஸ்மெத்தில் என்ற மருந்தைத் தொடர்ந்து அடித்த தோட்டங்களிலும் ஒரு காவலாளி உயிரோடு இருந்தது. அதுவும் பேன் இனமே. ஆனால் சிலந்திப்பேனைத் தின்னும் பேன். அதற்குக் கண் கிடையாது; மோப்பத்தால் இரையைத் தேடும். மருந்தைத் தாங்கும் ஆற்றலை இம்முறை நண்பனும் பெற்றுவிட்டது!

இந்த நண்பனைக் காப்பாற்றினால் போதும் என்றார் ஹாய்ட். அந்துப்பூச்சி மருந்தை அளவோடு அடிக்க வேண்டும். காவலாளியையும் கொல்லும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். இந்த முறையை அவர் 1969-இல் வெளியிட்டார்.

இதில் ஒரு விந்தை உண்டு. தோட்டத்தில் சிலந்திப்பேன் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டால் என்ன ஆகும்? காவலாளி பட்டினியால் சாகும். பின்னர் எதிரி மீண்டும் வரும்போது தடுக்க ஆளிராது! ஆப்பிள் இலையில் துருப்பேன் என்று இன்னொரு சிற்றுயிர் வாழ்கிறது. அளவோடு இருந்தால் அதனால் மரத்துக்குப் பெருங்கேடில்லை. சிலந்திப்பேன் குறைந்த காலத்தில் காவலாளிக்கு அதுவே உணவு. எனவே துருப்பேனையும் விட்டுவைக்க வேண்டும் என்று ஹாய்ட் கண்டார். தோட்டக்காரரின் வேலை எதிரியை அடியோடு அழிப்பதன்று. கேடு செய்யாத அளவில் வைத்திருப்பது.

கதை இத்துடன் முடியவில்லை. அசின்பாஸ்மெத்தில் மனிதருக்கும் நஞ்சு. ஆகவே 2013-க்குப் பின் அமெரிக்காவில் அது பயன்பாட்டில் இல்லை. அதன் இடத்துக்கு வந்த புதிய மருந்துகளில் சில, காவலாளிப் பேனைப் பாதிக்கின்றன. ஆகவே எந்தப் புது மருந்தானாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எதிரியைக் கொல்லுமா? நண்பனை விட்டுவைக்குமா?

நீங்களே பாருங்கள்

வெண்டை, கத்தரிச் செடிகளில் வெளிறிய புள்ளிகள் உள்ள இலையைத் தேடுங்கள். அதை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டி, உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். மெதுவாக நகர்பவை பெரும்பாலும் சிலந்திப்பேன்கள். பளபளப்பான உடலோடு விரைந்தோடும் ஒன்று கண்ணில் பட்டால், அது காவலாளிப் பேனாக இருக்கலாம். அதை நசுக்கிவிடாதீர்கள்!