அங்கிடி செட்டியார்

அங்கிடி வீரய்யா செட்டியார் (1928 - 2010) மொரிசியசு நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக இருமுறை இருந்தவர், தமிழ் வம்சாவளியினர். 2002 பிப்ரவரியில் மூன்று நாட்கள் மட்டும் பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்தார். ஒரு மசோதாவில் கையெழுத்திட மறுத்து அப்பதவியிலிருந்து விலகியதே அவரது பெயரை வெளிநாடுகளிலும் அறியச் செய்தது.

மொரிசியசு, ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு வகிக்கும் தீவு நாடு. பரப்பிலும் மக்கள்தொகையிலும் நம் தென்காசி மாவட்டத்தைவிடச் சிறியது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களும், 1834க்குப் பின் பிரித்தானியர் காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளும் அங்கே சென்றனர். அவர்களின் வழிவந்தோரில் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் பெயர்களிலும் கோயில்களிலும் தைப்பூசக் காவடியிலும் தமிழ் இருக்கிறது. அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் உண்டு. 1992 மார்ச் 12 அன்று நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரானவரும் தமிழ் வம்சாவளியினரான சர் வீராசாமி ரிங்காடுதான்.

அங்கும் இந்தியாவைப் போலவே ஆட்சி அதிகாரம் பிரதமரிடம் உள்ளது. குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தாக வேண்டும். மனம் ஒப்பாதவருக்கு எஞ்சும் ஒரே வழி பதவி விலகல்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், பயங்கரவாதத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு ஐ.நா. பாதுகாப்பு அவை தனது 1373ஆம் தீர்மானத்தில் எல்லா நாடுகளையும் கேட்டது. பிரதமர் அனிருத் ஜகந்நாத்தின் அரசு அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவரை, வழக்கறிஞரைச் சந்திக்க விடாமல் 36 மணி நேரம் காவலில் வைக்க அதில் இடமிருந்தது. இது குடிமக்களின் உரிமையைப் பறிக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தது.

ஏறத்தாழ பத்தாண்டுகள் குடியரசுத் தலைவராக இருந்த காசம் உத்தீம் கையெழுத்திட மறுத்து, பிப்ரவரி 15 அன்று விலகினார். 1997 முதல் துணைத் தலைவராக இருந்த செட்டியாரிடம் பொறுப்பு வந்தது. அவரும் மறுத்தார். பிப்ரவரி 18 அன்று அவரும் விலக, தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். இவரும் தமிழ் வம்சாவளியினரே. சபை நிறைவேற்றியதை ஏற்க வேண்டிய இடத்தில் இருந்த நீதிபதியைக் குறை சொல்வது நியாயமாகாது. பிப்ரவரி 25 அன்று கார்ல் ஆஃப்மன் புதிய குடியரசுத் தலைவரானார்.

செட்டியாரின் விலகல் சட்டத்தைத் தடுக்கவில்லை. சில நாட்கள் தள்ளிப்போட்டது, அவ்வளவே. ஆனால் பொம்மைப் பதவி என்று பலரும் எண்ணியிருந்த ஒன்றில் இருவர் அடுத்தடுத்து மறுத்ததால், கைது விதிகளைப் பற்றி நாடே பேசியது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் அஞ்சல் மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்திடாமலும் திருப்பி அனுப்பாமலும் வைத்திருந்ததை மாணவர்கள் இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் பதவியில் இருந்துகொண்டே மசோதாவை நிறுத்தினார். செட்டியார் பதவியை விட்டார்.

2007இல் செட்டியார் மீண்டும் துணைக் குடியரசுத் தலைவரானார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர், 2002இல் அந்த மசோதாவைக் கொண்டுவந்த அதே அனிருத் ஜகந்நாத். 2010 செப்டம்பரில் பதவியில் இருக்கும்போதே செட்டியார் காலமானார்.