கடைக்கால் பேசும் மொழி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், கடையம் வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மை அழைத்துச் சென்று ஒரு வீட்டைக் காட்டினார். பணிக்கொடைப் பணத்தோடு மனைவியின் நகைகளை விற்ற பணத்தையும் சேர்த்து அதை வாங்கி வாடகைக்கு விட அவர் எண்ணியிருந்தார். “கடைசிக் காலத்தில் எங்கள் இருவர் கஞ்சிக்கு இந்த வாடகைதான், சாமி. முன்பணம் கொடுக்குமுன் நீங்கள் வந்து ஒரு ஜெபம் சொல்ல வேண்டும்” என்றார். ஜெபம் சொல்லி முடித்துக் கண் திறந்தபோது, கிழக்கு அறையில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறிய புதுச் சிமெண்டுப் பூச்சின் தடம் கண்ணில் பட்டது. கட்டட விஷயம் நமக்கு எதற்கு, நல்ல காரியத்தில் குறை சொல்வானேன் என்று வாய் திறவாமல் திரும்பினோம்.

ஐப்பசி மழையில் அந்தத் தடம் வாய் பிளந்தது. கதவு நிலையோடு பொருந்த மறுத்தது. குடியிருக்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். பொறியாளர் வந்து தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வீட்டின் மேற்குப் பாதி பழைய மேட்டு நிலத்திலும், கிழக்குப் பாதி வாய்க்காலைத் தூர்த்த மண்ணிலும் நின்றுகொண்டிருந்தது. அன்று நாம் காத்த மௌனம் இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. ஆகவேதான் இக்கட்டுரை.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல

சுவரில் விரிசல் கண்டவுடன் வீடு விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பூச்சு உலரும்போது சுருங்குவதால் மயிரிழை போன்ற கீறல்கள் வலைப்பின்னலாகத் தோன்றுவது இயல்பு. பொதுவாக 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றை வெள்ளையடிக்கும்போதே சரிசெய்துவிடலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொறியாளரைக் கேளாமல் இருத்தல் ஆகாது. 15 மில்லிமீட்டரைக் கடந்தால் சுவரின் பகுதிகளையே பிரித்துக் கட்ட நேரிடலாம்.

அகலத்தைக் காட்டிலும் வடிவமே அதிகம் பேசும். சன்னல், வாசல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுப் போல இறங்குவது, ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரிவது, சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே இடத்தில் தெரிவது ஆகியவை கடைக்கால் அசைந்திருக்கக்கூடும் என்பதற்கான அடையாளங்கள். கதவு பிடித்துக்கொள்கிறதா, தரை ஒரு பக்கம் சரிகிறதா என்றும் காண்க. ஓர் அறையில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் காரணம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மண்ணின் குணம்

வீடு முழுவதும் ஒரே அளவாகக் கீழிறங்கினால் சுவருக்கு அவ்வளவாகச் சேதமில்லை. ஒரு பகுதி நின்று மறுபகுதி இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதை நாம் அறிவோம். உப்பும்போது வீட்டைத் தூக்கும், சுருங்கும்போது கைவிடும். நம் மலையடிவாரத்தில் செம்மண் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வதற்கும் இல்லை. நன்செய் வயல்களும் வாய்க்கால்களும் மனைகளாக மாறிவரும் காலம் இது. சரிவர இறுக்காமல் கொட்டிய மண், நீர் பட்டதும் அமிழும். கசியும் குழாய், நிரம்பி வழியும் கழிவுநீர்த் தொட்டி, சுவரை ஒட்டிய பெருமரம் ஆகியவையும் மண்ணைக் கெடுக்கும்.

இத்தாலி நாட்டுப் பீசா நகரின் மணிக்கூண்டு நம் திருச்சபையின் பேராலயத்துக்கு உரியதே. 1173-ல் தொடங்கிய அந்தக் கோபுரம், மென்மையான மண்ணில் ஆழமற்ற கடைக்காலோடு எழுந்ததால், மூன்றாம் நிலையை எட்டும்போதே சாயலாயிற்று. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1990-ல் அதை மூடி, உயர்ந்த பக்கத்தின் அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-ல் திறந்தனர். அது காப்பாற்றப்பட்டது. நம் தமிழகத்தில், சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் சரிந்த பதினொரு மாடிக் கட்டடம் 61 உயிர்களைப் பலிகொண்டது.

வாங்குமுன் செய்யத்தக்கவை

வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்கும் நாம், நிலத்தின் பழைய கதையையும் கேட்க வேண்டும். அண்டை வீட்டுப் பெரியவர்கள், “அங்கே முன்பு தண்ணீர் நிற்குமே” என்று சொல்லிவிடுவார்கள். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் வீட்டைப் பாருங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் பதித்து, தேதியைக் குறித்து வைப்பது பழைய முறை. சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். எதற்கும் மேலாக, விற்பவருக்கும் தரகருக்கும் வேண்டியவரல்லாத பொறியாளர் ஒருவரின் கருத்தைப் பெறுங்கள்.

கணக்கும் போடுங்கள். முப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 96,000 ரூபாய். கடைக்காலைப் பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட்டால் தாங்க மூன்று லட்சம் ஆகுமானால், மூன்றாண்டுக்கு மேற்பட்ட வாடகை மண்ணுக்குள் போய்விடும். இதை முன்னரே அறிந்தவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வேண்டாமென்று விலகவும் செய்யலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, விற்பவர் தாம் அறிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறையைக் கவனிப்பது வாங்குபவர் பொறுப்பு. 2016-ம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின்கீழ் வரும் புதுக் கட்டடங்களில், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டுத் தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் தம் செலவிலேயே அதைச் சீர்படுத்தக் கடமைப்பட்டவர். ஆனால் சட்டம் கேளாததையும் மனச்சாட்சி கேட்கும். விரிசலைப் பூசி மறைத்து விற்றுப் பெற்ற பணம், ஏழாம் கட்டளைக்கு விரோதமாக வந்த பணமே.

பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றியும் மணல்மேல் கட்டியவனைப் பற்றியும் ஆண்டவர் சொன்ன உவமையை எத்தனையோ முறை பிரசங்கத்தில் விளக்கியிருக்கிறோம். வெள்ளம் வரும்வரை இரண்டு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும் என்பதை அந்த ஐப்பசி மாதத்தில்தான் முழுமையாக உணர்ந்தோம். ஆசிரியரிடம் சென்று நாம் கண்டதையும் மறைத்ததையும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், “இனி யாராவது வீடு காட்டினால் சொல்லிவிடுங்கள், சாமி” என்றார்.

சொல்லிவிட்டோம்.