ஊராட்சி நிதி: பதவி யாரிடம், பணம் யாரிடம்?



உள்ளாட்சியில் தலித்துகள் என்றதும் மேலவளவைப் பேசுகிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஊராட்சித் தலைவரானதற்காக முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மற்ற மூன்று ஊர்களிலும் 2006 வரை தலித் தலைவர் பதவியில் இருந்து செயல்பட விடவில்லை. ஆனால் பதவி கிடைத்த பிறகும் தொடரும் இன்னொரு தடையை நாம் குறைவாகவே பேசுகிறோம். அது பணம்.

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கவனமாகப் படியுங்கள். பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு கட்டாயம். அதிகாரத்தைப் பகிர்வதும், வரி விதிக்க அனுமதிப்பதும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். நாற்காலி உரிமையாக வந்தது. கல்லாப்பெட்டி தயவாக நின்றுவிட்டது.

ஊராட்சியின் சொந்த வருவாய் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. ஆலை உள்ள ஊருக்கு இது கைகொடுக்கும். கூலிக்காரர்களின் சிறு வீடுகளே நிறைந்த ஊரில் என்ன வரி தேறும்? அந்த ஊர் மானியத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். மானியத்துக்கும் கட்டுகள் உண்டு. 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்திலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது.

வந்த பணத்தை எடுப்பதும் எளிதல்ல. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து கையெழுத்திட மறுத்தால், அரிவாள் எடுக்காமலேயே ஒரு தலித் தலைவரை முடக்கிவிடலாம்.

தேர்தல் தள்ளிப்போனால் நிலைமை இன்னும் மோசம். 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுக்கு மேல் தமிழக ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்திவைத்தது. 2025 ஜனவரி 5-உடன் பெரும்பாலான மாவட்டங்களில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இந்தப் பற்றாக்குறை எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. ஊர்த்தெருவில் குழாய் நின்றால் சொந்தக் கிணறு இருக்கும், ஆழ்துளைக் கிணறு இருக்கும். காலனிக்கு இருப்பது பொதுக் குழாய் மட்டுமே. குப்பை அள்ளுபவருக்குக் காலமுறை ஊதியம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் நிதிப் பற்றாக்குறையை நம் மக்கள் தங்கள் கூலியால் ஈடுகட்டுகிறார்கள்.

ஆகவே வரவுசெலவுக் கணக்கைப் படிப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அங்கே கேளுங்கள்: எவ்வளவு வந்தது? காலனிக்கு எவ்வளவு போனது? எந்தக் காசோலை யார் கையில் நிற்கிறது? பதில் தீர்மானப் பதிவேட்டில் எழுத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.