புதன்கிழமை எழாத கணினி

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியிட்டு வருகிறது. அவை வெளியாகும் அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணி என்பது இந்தியாவில் அன்றிரவு 10.30 அல்லது 11.30 ஆகிவிடுவதால், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரப் பட்டறைகளிலும் அதன் விளைவு தெரியத் தொடங்குவது புதன்கிழமை காலைக்குப் பிறகுதான்.

பெரிய ஆலைகளில் கணினிகளைக் கவனிக்கத் தனித் துறை இருக்கும். திருத்தத்தைச் சில இயந்திரங்களில் போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புவார்கள். அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் ஜாப் ஒர்க் பட்டறையின் நிலை வேறு. ட்ராயிங்கைத் திறப்பது, சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது, டேலியில் கணக்கு வைப்பது, இ-வே பில் எடுப்பது எல்லாம் அங்கே பெரும்பாலும் ஒரே கணினியில்தான். கர்நாடகத்திலுள்ள நிறுவனம் ஜாப் ஒர்க்குக்காகத் தமிழகப் பட்டறைக்குப் பொருள் அனுப்பினால், அதன் மதிப்பு எவ்வளவு குறைவாயினும் இ-வே பில் கட்டாயம் என்கிறது ஜி.எஸ்.டி. விதி, எனவே அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழையும் சிறு வண்டிக்கும் அந்த ஆவணம் வேண்டும். பில்லையாவது கைபேசியில் எடுத்துவிடலாம். ட்ராயிங்கை அப்படி எடுக்க முடியாது.

அந்தக் கணினி அநேகமாக ‘அசெம்பிள்டு’ வகையாக இருக்கும். அதாவது, எல்லாப் பாகங்களும் செருகப்படும் மதர்போர்டு ஒரு நிறுவனத்தினுடையது. கட்டளைகளை நிறைவேற்றும் பிராசசர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யினுடையது, ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை வேறு வேறு நிறுவனங்களினுடையவை. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவின் எஸ்.பி. ரோட்டுச் சந்தையில் கிடைக்கும் இத்தகைய பாகங்களை ஒரே கேபினெட்டில் பூட்டித் தருபவர் உள்ளூர்க் கடைக்காரர். விலை குறைவு என்பதும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இதன் உண்மையான நன்மைகள். ஆயினும், பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினியை அந்நிறுவனம் மாடல் வாரியாகச் சோதிப்பதுபோல, இந்தக் குறிப்பிட்ட சேர்க்கையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பூட்டித் தந்தவரே அதன் தயாரிப்பாளர் ஆகிறார்; அவரோ தம்மை அப்படிக் கருதிக்கொள்வதில்லை, வாங்கியவரும் கருதுவதில்லை.

இதனால் நேரக்கூடியதை 2023ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 22 அன்று விண்டோஸ் 11க்கு வெளியான கே.பி. 5029351 என்ற முன்னோட்டத் திருத்தத்தை ஏற்ற சில கணினிகள், ‘அன்சப்போர்ட்டட் பிராசசர்’ என்ற வாசகத்தோடு நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. பழி முதலில் மைக்ரோசாஃப்ட்டின் மீது விழுந்தது. ஆராய்ந்தபோது, இன்டெல்லின் புதிய பிராசசர்களில் வேகமான கோர்களும் மின்சிக்கனக் கோர்களும் கலந்திருக்கும் அமைப்புக்காக எம்.எஸ்.ஐ. நிறுவனத்தின் 600, 700 வரிசை மதர்போர்டுகளில் எழுதப்பட்டிருந்த பயாஸ் அமைப்பிலேயே கோளாறு இருந்தது தெரியவந்தது. பயாஸ் என்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் சிறு மென்பொருள். விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே விழித்து, பாகங்களை அடையாளம் கண்டு, பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைப்பது அதன் வேலை. எம்.எஸ்.ஐ. புதிய பயாஸ் பதிப்புகளை வெளியிட்டுத்தான் சிக்கலைத் தீர்த்தது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகளுக்கான அவசரத் திருத்தம் ஏ.எம்.டி.யின் பழைய பிராசசர்கள் சிலவற்றை எழவிடாமல் செய்தபோதும், ஏ.எம்.டி. சிப்செட்டுகள் சில, மைக்ரோசாஃப்ட்டுக்கு முன்பு தரப்பட்ட ஆவணத்தில் கண்டபடி நடந்துகொள்ளவில்லை என்று அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. இரு நிகழ்வுகளிலும் கோணல் முன்பே இருந்தது. திருத்தம் அதன் மேல் போய் இடித்தது.

திருத்தத்தின் மீது அநியாயமாகப் பழி விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியாகிய கர்னல் முழுமையாக முடிக்கப்படாமல், அதன் நிலை எஸ்.எஸ்.டி.யில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீண்டும் ஏற்றப்படுகிறது. முழுமையான தொடக்கம் நடப்பது ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கும்போதுதான். தினமும் மாலையில் அணைத்துக் காலையில் திறக்கும் பட்டறைக் கணினி உண்மையில் பல வாரங்கள் முழுதாகத் தொடங்காமலே ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், இடைப்பட்ட நாளில் போடப்பட்ட ஒரு தவறான பிரிண்டர் டிரைவர் வெளிப்படுவது திருத்தம் கேட்கும் அந்த ரீஸ்டார்ட்டின்போதுதான்.

டிரைவர் எனப்படுவது ஒரு பாகத்தோடு விண்டோஸ் பேசுவதற்கான மென்பொருள். அதில் ஒரு பகுதி கர்னலுக்கு உள்ளேயே இயங்குவதால், அங்கு நேரும் சிறு பிழையும் முழுக் கணினியை நிறுத்திவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகம் கண்டது இதைத்தான். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39க்கு அனுப்பப்பட்ட பிழையான தரவுக் கோப்பு 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் வீழ்ந்தன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதப்பட்டன. அவை அசெம்பிள்டு கணினிகள் அல்ல, பெரும்பாலும் நிறுவனங்கள் பராமரித்தவை. எனினும் அந்தப் பழுதைத் தீர்த்த விதம் ஓசூர்க் கடைவீதிக்கும் பொருந்தும்: கணினியை ‘சேஃப் மோட்’ எனப்படும், இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலையில் திறந்து, குறிப்பிட்ட அந்தக் கோப்பை மட்டும் நீக்கினார்கள். அதற்கு ஃபார்மேட் அடிக்கத் தேவைப்படவில்லை.

ஃபார்மேட் என்பது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கடைக்காரருக்கு அது நேரம் மிச்சம். உரிமையாளருக்கோ சி.என்.சி. நிரல் எழுதும் கேம் (CAM) மென்பொருளின் உரிமம், பல ஆண்டு ட்ராயிங்குகள், டேலித் தரவு எல்லாமே ஆபத்துக்குள்ளாகின்றன. மூலக் காரணம் பயாஸிலோ ரேமிலோ இருந்தால், அடுத்த மாதத் திருத்தத்தில் அதே நீலத்திரை திரும்ப வரவும் கூடும். எனவே ஃபார்மேட் கடைசி வழியாக இருக்க வேண்டியது. நடைமுறையில் அது முதல் வழியாகிவிட்டது.

கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். திரையில் மதர்போர்டு நிறுவனத்தின் முத்திரைகூட வராவிட்டால் ரேம், எஸ்.எம்.பி.எஸ்., பயாஸ் ஆகியவற்றையே ஐயுற வேண்டும். விண்டோஸுக்கு அதில் பங்கில்லை. முத்திரை வந்து, புள்ளிகள் சுழன்று, நீலத்திரை அல்லது 2025இல் அதற்குப் பதிலாக வந்த கறுப்புத்திரை தோன்றினால் திருத்தமோ டிரைவரோ காரணமாகலாம். ‘பூட் டிவைஸ்’ கிடைக்கவில்லை என்ற பொருளில் வாசகம் வந்தால், மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால் ஐயம் உறுதியாகும். உள்ளே நுழைந்து டெஸ்க்டாப் வந்த பிறகு விழுந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரும் தானாகத் தொடங்கும் மென்பொருள்களும் முதல் சந்தேகத்துக்கு உரியவை.

பழுதுபார்ப்பின் ஒழுங்கு, கடைசியில் செய்ததை முதலில் அவிழ்ப்பது. அதற்கு முன் மென்பொருள் உரிமத்துக்கான டாங்கிள், பிரிண்டர், சி.என்.சி.யோடு இணைக்கும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்களில் போலிச் சிப் இருப்பது அரிதன்று. 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியே வந்து, தன் பெயரிலிருந்த போலிச் சிப்புகளைச் செயலிழக்கச் செய்ததும் நடந்தது. பிறகு, விண்டோஸ் ஏறத் தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் மீட்புத் திரை தானாகத் திறக்கும். அங்குள்ள ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ மூலம் மாதாந்தரத் திருத்தத்தை நீக்கலாம். விண்டோஸின் பெரிய பதிப்பே மாறியிருந்தால், பொதுவாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதன் பிறகும் எழாவிட்டால் சேஃப் மோடில் நுழைந்து அண்மையில் போட்ட டிரைவரை நீக்குவதும், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் அடுத்த படிகள். பயாஸை மாற்றும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றுப்போகலாம் என்பதால் யு.பி.எஸ். இல்லாமல் அதில் இறங்கக் கூடாது.

இவ்வளவையும் தடுத்து நிறுத்தக்கூடிய புதிய சுவர் ஒன்று 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போடு எழுந்துள்ளது. டிஸ்க்கிலுள்ள எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் குறியாக்கம் முன்பு பெரும்பாலும் மடிக்கணினிகளில்தான் தானாக இயங்கியது. இப்பதிப்பில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டு புதிதாக நிறுவினால் அசெம்பிள்டு கணினியிலும் அது இயங்கத் தொடங்கலாம். பயாஸ் மாறிய பின் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் சேமிக்கப்பட்டிருப்பது, விண்டோஸ் போடும்போது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில். அவசரத்துக்குக் கடைப் பையனின் மின்னஞ்சலைப் போட்டு நிறுவியிருந்தால், பட்டறையின் ட்ராயிங்குகளுக்கான திறவுகோல் அவரிடம் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போயிருக்கவும் கூடும். ரசீதோடு பாகங்களின் பெயர், பயாஸ் பதிப்பு, இந்த எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது வாங்குபவரின் உரிமை.

சில பழுதுகளுக்கு மென்பொருள் மருந்தே இல்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிவடைந்தன. 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியே வந்த திருத்தங்கள் மேலும் நலிவதைக் குறைக்குமே தவிர, கெட்டதை மீட்டுத் தராது. அதற்காக இன்டெல் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிப்பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் பிராசசர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால், பழைய கணினிகளில் சோதனைகளைத் தாண்டிக் குறுக்கு வழியில் அதைப் போடும் வழக்கமும் உண்டு. கோர் 2 டியோ போன்ற மிகப் பழைய பிராசசர்களில் பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லை. 24எச்2 அக்கட்டளையின்றித் தொடங்கவே தொடங்காது. அங்கே சேஃப் மோடும் பயாஸும் பயன்படா. பழைய பதிப்பை மீண்டும் போட்டு, இணையத்திலிருந்து கழற்றி, சி.என்.சி.க்கு நிரல் அனுப்பும் வேலைக்கு மட்டும் அக்கணினியை வைத்துக்கொள்ளலாம்.