கையை எடுத்தார்கள், டெலிபோன் ஊமையானது!



இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியை விரலால் தொட்டால் மறு நொடி பேச்சு வருகிறது. முன்பு இரண்டு பேர் பேச வேண்டுமானால், நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து கம்பியைச் செருக வேண்டும். அந்தப் பழைய சுவிட்ச்போர்டைக் காட்சிசாலையில் பார்த்தால், "அடேயப்பா, இத்தனை ஓட்டையா!" என்று மலைப்பாக இருக்கும். பெரிய வித்தை ஒன்றும் இல்லீங்க. மேலே ஓட்டை, கீழே நூல் சுற்றிய கம்பிக் கயிறு. இந்த இரண்டும் புரிந்தால் போதும்.

ஓர் ஓட்டை என்றால் ஒரு வீட்டு லைன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மூடி உண்டு. வீட்டுக்காரர் தன் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுவார். உள்ளே காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் சுழன்று மின்சாரம் பிறக்கும். அது போர்டுக்கு வந்து கொக்கியை விலக்க, மூடி தொப்பென்று விழும். எந்த மூடி விழுந்ததோ, அந்த வீட்டார் கூப்பிடுகிறார்கள்.

கயிறுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்றைக் கூப்பிட்டவர் ஓட்டையில் செருகி, விசையைத் தள்ளி, "யார் வேணும்?" என்று கேட்க வேண்டும். மற்றதை வேண்டிய ஆளின் ஓட்டையில் செருகி மணியடிக்க வேண்டும். பேசி முடித்தவர் மறுபடி கைப்பிடியைச் சுற்றுவார். உடனே இரண்டையும் உருவ வேண்டும். அடியில் தொங்கும் எடை கயிற்றைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

ஐந்து ஜோடிக் கயிறு இருந்தால் ஒரே நேரத்தில் ஐந்து பேச்சுதான். அமெரிக்காவில் நியூ ஹேவன் ஊரில் 1878 ஜனவரியில் முதல் வியாபார எக்ஸ்சேஞ்ச் திறந்தபோது 21 சந்தாதாரர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேச்சுதான் நடக்கும். குதிரைவண்டி ஆணியும் தேநீர்க் கெண்டி மூடிப் பிடியும் வைத்து அந்தப் போர்டைக் கட்டினார்களாம்! அந்தக் காலத்துப் பிளக்கின் வாரிசுதான் இன்று திருவிழா மேடையில் கித்தாருக்குச் செருகும் பிளக்.

ஆக, போர்டு தானாக எதையும் இணைக்கவில்லை. இணைத்தது கை. முதலில் பையன்களை வைத்தார்கள்; வாய்த்துடுக்கு அதிகம். 1878 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும் முதலாளிகளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் அந்தப் பெண்கள் சங்கம் கட்டினார்கள். 1919 ஏப்ரல் 15-ம் தேதி நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் சுமார் 8,000 ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கிய ஜூலியா ஓ'கானரும் போர்டில் உட்கார்ந்து வேலை செய்தவர்தான். அப்போது டெலிபோன் அரசாங்கத்தின் போர்க்காலக் கட்டுப்பாட்டில் இருந்தது. இருந்தும் அவர்கள் அஞ்சவில்லை. மூடிகள் விழுந்தன, செருக ஆளில்லை. ஆறே நாளில் கூலி உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்ட்ரோஜர் என்பவர் ஆளில்லாத எக்ஸ்சேஞ்சுக்கு 1891-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1892-ல் லா போர்ட் ஊரில் அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல இயந்திரம் அந்தக் கைகளின் இடத்தைப் பிடித்தது. மேய்ன் மாநிலத்துப் பிரையண்ட் பாண்ட் என்ற சிற்றூரில் கைப்பிடி டெலிபோன் 1983 வரை தாக்குப்பிடித்தது.

தோழர்களே, எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் பிரமித்து நிற்காதீர்கள். "இது எப்படி ஓடுது? இதில் நம்ம கை எந்த இடத்தில் இருக்கு?" என்று கேளுங்கள். அந்த இடம் தெரிந்தவனுக்குத்தான் தன் உழைப்பின் விலை தெரியும். புது இயந்திரம் வந்த பிறகு கேட்பதைவிட, வருவதற்கு முன்பே சங்கமாகக் கூடிக் கேட்பது மேல்.